கலை அரசியா, டிக் டிக் டிக்கா?

விண்வெளிப் படங்களில் காலத்தின் மனநிலையைத் தேடும் மட்டக்களப்பு மாணவர்களுக்குத் திரையிட இரண்டு தமிழ்ப் படங்கள் உள்ளன. ககாரின் முதல் மனிதராக விண்ணுக்குச் சென்று இரண்டு ஆண்டுகள் கழித்து, 1963இல் வந்த ‘கலை அரசி’யில், அறிவியலில் முந்தியும் இசையறியாத வேற்றுக்கோளினர் பூமியிலிருந்து ஒரு பாடகியைக் கடத்திச் செல்கின்றனர், கருவிகள் அவர்களுடையவை எனினும் கலையில் நாமே மூத்தோர் என்ற, சற்று வெகுளித்தனமான, அக்காலப் பெருமிதம் அதில் ஒலிக்கிறது. இந்திய விண்கலமான மங்கள்யான் 2014இல் செவ்வாயை எட்டிய பின், 2018இல் வந்த ‘டிக் டிக் டிக்’கிலோ, சிறுகோளைத் தகர்க்க இந்தியரே விண்கலமேறுகின்றனர், தன்னம்பிக்கை புதிது, கதைப்போக்கு ஹாலிவுட்டில் பழகியது. யாழிசையை ஆய்ந்த விபுலாநந்தரின் பெயரில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இயங்கும் இவ்வூருக்கு, தந்திரக் காட்சிகள் எளியவையாயினும், முன்னதையே பரிந்துரைப்பேன்.