வேலூர்க் கோட்டையா, செஞ்சியா?

பள்ளி விடுமுறையில் உறவினர்கள் வந்து இறங்கினால் எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். வேலூர்க் கோட்டையைச் சுற்றிக் காட்டுவதா, வண்டி பிடித்து ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சிக்குப் போவதா? "நம்ம கோட்டைதானே, சாயங்காலம் பூங்காவுல உட்கார்ந்துட்டு வந்தா போச்சு" என்று வேலூர்க்காரர்களே சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

செஞ்சியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூன்று குன்றுகளை மதிலால் வளைத்துக் கட்டிய கோட்டை அது. சிவாஜியின் மகன் ராஜாராம் அங்கிருந்துதான் முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார். 1698இல்தான் அது விழுந்தது. மராட்டியக் கோட்டைகள் வரிசையில் 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் அந்தக் குன்றுகளில் ஒன்றான ராஜகிரி ஏறக்குறைய 800 அடி உயரம். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் கீழே கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டு, மேலே போனவர்கள் எப்போது இறங்குவார்கள் என்று காத்திருக்க வேண்டியதுதான். வெயில் காலத்தில் அது இன்னும் சிரமம்.

வேலூரில் எல்லாம் சமதரை. சுற்றிலும் அகழி, நடுவில் சுமார் 133 ஏக்கர். பாட்டியும் பேரனும் ஒரே வேகத்தில் நடக்கலாம். உள்ளே போனதும் ஜலகண்டேசுவரர் கோயில். அதன் கல்யாண மண்டபத் தூண்களுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். யாளியும் குதிரைவீரனும் கல்லிலிருந்து பாய்ந்து வருவதுபோல் இருக்கும். நூற்றாண்டுகளாக மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் இது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981இல்தான் மறுபடி இங்கே கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பு சின்னப் பெண்ணாக இருந்த என் அத்தை, "வெறும் கருவறையைப் பார்த்துக் கும்பிட்டிருக்கோம்டா" என்பார். அதே மதிலுக்குள் மசூதியும் இருக்கிறது, 1846இல் கட்டிய தேவாலயமும் இருக்கிறது.

என்னை அங்கே நிறுத்திவைப்பது 1806 ஜூலை 10. நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழி, புதுத் தலைப்பாகை கட்டு என்று ஆங்கிலேயரிடமிருந்து வந்த உத்தரவுகளைப் பொறுக்காத சிப்பாய்கள் விடியும் முன்னே எழுந்தார்கள். சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம் அப்போது இங்கேதான் இருந்தது. திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி அன்றைக்கே அடக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டார்கள். 1857 சிப்பாய்ப் புரட்சிக்கு 51 ஆண்டு முன்பே நடந்தது இது. பிறகு இலங்கையில் உள்ள கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கனையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் வேலூரிலேயே இறந்தார். பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபம் அவருடைய நினைவிடம்தான்.

சரி, பூங்கா? பிள்ளைகள் ஓட இடம், புல்தரை, அகழிக் காற்று. கோட்டைக்குப் பிறகு உட்கார அதைவிட நல்ல இடம் கிடையாது. தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களைப் பார்த்தால்தான் மனசு கொதிக்கிறது. அவை நாம் எறிந்தவை.

வந்திருப்பது கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் என்றால் விடியற்காலையிலேயே செஞ்சிக்குக் கிளம்புங்கள், நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மூன்று தலைமுறையும் இருந்தால் வேலூர்தான். காலையில் கோயில், அப்புறம் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்ததும் மதில், கடைசியில் பூங்கா. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.