எனக்கென்று இழைத்த துப்பாக்கிக் கட்டை: 7 ஆண்டு அனுபவம்

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட நான் வைத்திருப்பது ஷாட்கன், அதாவது ஒரே தோட்டாவில் பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி; குழல் அளவு 12 போர் (bore), ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைக் குழல். அதோடு வந்த கட்டையை, அதாவது தோளில் அணைத்துக் கன்னம் பதிக்கும் மரப் பகுதியை, நான்கு ஆண்டுகள் சகித்துக்கொண்டேன். நூறு தோட்டா சுட்ட நாளில் கன்ன எலும்பு கன்றிப்போகும். வலமிருந்து இடமாகப் போகும் தட்டுகள் எப்படியோ உடைந்துவிடும். இடமிருந்து வலமாகப் போகிறவைதான் தப்பிக்கும். பயிற்சி போதவில்லை என்று என்னையே நொந்துகொண்டிருந்தேன்.

குறிபார்க்க ரைஃபிளில் கண்ணுக்கு அருகே இருக்கும் பின்குறி, ஷாட்கனுக்குப் பொதுவாகக் கிடையாது. சுடுபவரின் கண்தான் பின்குறி. கண் எங்கே நிற்கும் என்பதைக் கட்டையின் மேல்விளிம்பில் கன்னம் பதியும் இடம் முடிவு செய்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. 16 கெஜத்தில் பெரிய இரும்புத் தகட்டை நிறுத்தி, நடுவில் ஒரு புள்ளி வைத்து, குறிபார்க்காமல் துப்பாக்கியைத் தூக்கியவுடன் சுட வேண்டும். ஏழெட்டு முறை சுட்டால் ரவைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று தெரிந்துவிடும். கண்ணிலிருந்து குழல்முனை ஏறக்குறைய ஒரு கெஜம். ஆகவே தகட்டில் 1 அங்குலம் விலகினால் கட்டையில் 1/16 அங்குலம் திருத்த வேண்டும். பழைய கணக்கில் ஒரு வீசம். எனக்கு 4 அங்குலம் இடப்பக்கமும் 2 அங்குலம் கீழேயும் போனது. அதாவது கட்டை கால் அங்குலம் வலப்பக்கம் வளைய வேண்டும், மேல்விளிம்பு அரைக்கால் (1/8) அங்குலம் உயர வேண்டும். தப்பிய தட்டுகளின் மர்மமும் அன்றே விளங்கிவிட்டது. நீளமும் போதவில்லை: விசையிலிருந்து கட்டையின் கடைசி வரை 14¼ அங்குலம் இருந்ததை 14⅞ ஆக்க வேண்டியிருந்தது. முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள். கழுத்து எவ்வளவு நீளம், கன்னம் எவ்வளவு சதை என்பதெல்லாம் முழங்கைக்குத் தெரியாது.

மரம் வால்நட். அடிமரத்திலிருந்து வெட்டிய, புகை சுருண்டதுபோல் ரேகை ஓடிய பலகை ஒன்றில் மயங்கி நின்றேன். வழிகாட்டிய மூத்த தச்சர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "அழகு பின்னாடி இருக்கட்டும் தம்பி. கை பிடிக்கிற இடத்துல ரேகை நேரா ஓடணும், இல்லைன்னா அங்கதான் உடையும்" என்றார். மனசே இல்லாமல் வேறு பலகை எடுத்தேன். வெளிவடிவத்தை அவருடைய நகலெடுக்கும் இயந்திரம் முக்கால்வாசி செதுக்கித் தந்தது. இரும்புப் பாகம் கச்சிதமாக உட்காரும்படி மரத்தைக் குடையும் உள்வேலை என்னுடையது.

பொறுமையைச் சோதிப்பது இந்த உள்வேலைதான். இரும்புப் பாகத்தில் எண்ணெயில் குழைத்த புகைக்கரியை மெல்லப் பூசி, மரத்தில் அழுத்தி எடுத்தால் தொடும் இடங்கள் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மறுபடி சுரண்டி... எட்டு வாரக் கடைசிகள் இப்படியே போயின. ஓரிடத்தில் உளி வழுக்கிப் பள்ளம் விழுந்தது. எபாக்சிப் பசை வைத்து அடைத்தேன். வெளியே தெரியாது, எனக்கு மட்டும் தெரியும், இப்போது உங்களுக்கும்.

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், மேல்விளிம்பைக் கணக்கைவிடச் சற்று உயரமாகவே விட்டு, மெருகு போடாமல் இரண்டு மாதம் சுட்டது. ரவை மேலே போகப் போக, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி இறக்கினேன். அப்புறம்தான் உப்புத்தாள், ஆளிவிதை எண்ணெய் எல்லாம். எண்ணெயை விரலால் மெல்லிசாகத் தேய்த்து, முழுக்கக் காயவிட்டு, அடுத்த பூச்சு, மொத்தம் 14. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலாகக் கிடந்தால் தானே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

முதல் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பாடம். பின்புற ரப்பர் அட்டைக்கு அடியில், மரத்தின் வெட்டுமுகத்துக்கு எண்ணெய் பூச மறந்திருந்தேன். அங்கேதான் மரம் தண்ணீரை உறிஞ்சும். ரப்பரும் மரமும் சேரும் விளிம்பு, விரல் தடுக்கும் அளவுக்கு உப்பியது. கழற்றி, காயவைத்து, வெட்டுமுகத்தையும் உள்குழிவையும் எண்ணெயால் அடைத்த பிறகு தொல்லை இல்லை.

இரண்டாம் ஆண்டில் இரும்புப் பாகத்தின் மேற்புறத்திலிருந்து கட்டைக்குள் பின்னோக்கி நீளும் நாக்குக்குப் பின்னால், மரத்தில் மயிரிழை விரிசல். தவறு என்னுடையதே. நாக்கின் நுனி மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு உதைக்கும் அது ஆப்பு மாதிரி வேலை செய்திருக்கிறது. அங்கே ஒரு தாள் கனம் இடைவெளி விட்டிருக்க வேண்டும். விரிசலில் நீர்த்த பசையை இறக்கி, இடைவெளி வெட்டினேன். அதற்கு மேல் வளரவில்லை.

பலன்? கன்னம் கன்றுவது முதல் நாளே நின்றது. உதை குறையவில்லை, அது தோளில் ஒரே சீராக விழுகிறது. வலப்பக்கமாகப் போகும் தட்டுகள் உடைய ஆரம்பிக்க ஒரு மாதம் ஆயிற்று, ஏனென்றால் பழைய கோணலுக்குப் பழகிய கையை மாற்ற வேண்டியிருந்தது.

எதிர்பாராத சிக்கல் ஐந்தாம் ஆண்டில் வந்தது. உடம்பில் 9 கிலோ குறைந்தேன். எல்லாரும் பாராட்டினார்கள், தட்டுகள் மட்டும் விழவில்லை. கன்னச் சதை வற்றியதால் கண் கீழிறங்கி, ரவையும் கீழே போயிருக்கிறது. சரி, மரத்தை வளர்க்கவா முடியும்? மேல்விளிம்பில் துணிப் பட்டையை ஒவ்வொரு அடுக்காக ஒட்டிச் சுட்டுப் பார்த்தேன். மூன்றாவது அடுக்கில் சரியானது. இப்போது அந்த உயரத்துக்கு மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறேன், பார்க்க அழகாக இல்லை. மறுபடி செய்தால் ஏற்றி இறக்கும் மேல்விளிம்புதான் வைப்பேன்.

பழைய கட்டையைத் துணி சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். துப்பாக்கியை என்றாவது விற்றால் அதை மாட்டித்தான் விற்க வேண்டும். என் துப்பாக்கியை ஆசையாக வாங்கிச் சுட்ட நண்பர், பத்தில் இரண்டைத்தான் உடைத்தார்.