மாலத்தீவு வாட்டர் வில்லா: காசுக்குத் தகுமா?

கடலுக்குமேல் தூண்களில் நிற்கும் இந்த வில்லாக்களின் அழகில் குறையே இல்லை. ஆனால் இணையத்தில் காட்டும் வாடகையை வைத்து பட்ஜெட் போடாதீர்கள். 'ப்ளஸ் ப்ளஸ்' என்று போட்டிருந்தால் அதன்மேல் 10% சேவைக் கட்டணமும் 17% ஜிஎஸ்டியும் ஏறும்; ஆளுக்கு, ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி வேறு. மாலே விமான நிலையத்திலிருந்து ரிசார்ட் தீவுக்குக் கொண்டுபோகும் சீப்ளேன் (நீரில் இறங்கும் சிறு விமானம்) கட்டணம் தனி. அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். மாலேயில் சாயங்காலம் இறங்கினால் அன்றிரவுக்கு அங்கேயே அறை தேட வேண்டியதுதான். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஸ்பீட்போட் எட்டும் தீவே தோது.

ஹாஃப் போர்டு (காலை, இரவு உணவு மட்டும் சேர்ந்த கட்டணம்) எடுத்தால் மதியச் சாப்பாட்டில் பர்ஸ் காலி. தீவில் வேறு கடையே கிடையாது. ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாயோடு மிதந்து மீன், பவளம் பார்ப்பது) ஆசையா? பவளத்திட்டு கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். வெறும் லகூனில் (திட்டுக்கு உள்ளே இருக்கும் ஆழமில்லாக் கடலில்) மணல்தான் தெரியும். மே முதல் அக்டோபர் வரை விலை இறங்கும். ஆனால் அந்த மாதங்களில் மேற்குப் பக்க வில்லாவில் மட்டும் காற்று தூங்கவிடாது.