பேட்டர்சன் பிலிம் டேங்க்: காற்றுச் சுரங்கப் படங்களை வீட்டில் கழுவ

கருப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவ எந்த டேங்க் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில், பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4. டேங்க் என்பது, ரீலில் சுற்றிய பிலிமை உள்ளே வைத்து, வெளிச்சம் படாமல் மருந்து ஊற்றிக் கழுவும் மூடிய பாத்திரம். ஆனால் குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் பக்குவம் நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்துக்கு அப்படியே ஒத்துவராது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

விமானச் சிறகைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஆய்வுக்கூடத்தில் அளவெடுப்பதெல்லாம் லேசரும் டிஜிட்டல் கேமராவும்தான். புகைப் படங்களை மட்டும் பிலிமில் எடுக்கிறேன். காற்றுச் சுரங்கத்துக்குள் (மாதிரியை வைத்து அதன்மேல் காற்றை ஓடவிடும் குழாய்) ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி, எண்ணெய் தடவி மின்சாரம் விட்டால், கம்பியில் முத்து முத்தாக நிற்கும் எண்ணெய்த் துளிகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புகை இழை கிளம்பும். அந்த இழைகள் நாக்கா 0012 என்ற வடிவச் சிறகு மாதிரியின் முதுகோடு ஒட்டி ஓடும். தாக்கு கோணத்தை, அதாவது காற்றுக்கு எதிரே சிறகு சாய்ந்திருக்கும் கோணத்தை, கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிய்த்துக்கொண்டு சுருளும். ஏர்ன்ஸ்ட் மாக்கும் பீட்டர் சால்ஷரும் 1886-ல் தோட்டாவின் அதிர்ச்சி அலையைப் படமாக்கினார்கள். பாரிசில் எத்தியேன் ஜூல் மாரே 1901 வாக்கிலேயே புகை இழைகளைப் படம் பிடித்திருக்கிறார். எங்கள் துறைக்கும் இருட்டறைக்கும் பழக்கம் பழையது.

இந்தப் படங்களுக்கு டேங்க் ஏன் முக்கியம்? பின்னணி முழுக்கக் கருப்பு, நடுவில் நூல் நூலாக வெள்ளைப் புகை. பிலிம் சமமாகக் கழுவப்படாமல் ஒரு கோடு விழுந்தால், அதுவும் புகை மாதிரியே தெரியும். ஆய்வுக்கூடத்துத் தம்பி ஒருவர் நெகடிவை விளக்கில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இது சுழலா, கறையா?" என்று கேட்டார். "பக்கத்து பிரேமையும் பாருங்க தம்பி. ஓரத்துத் துளைக்கு நேரா அங்கேயும் இருந்தா கறை" என்றேன். 35 மி.மீ. பிலிமில் ஒரு பிரேமுக்கு எட்டுத் துளைகள், ஒன்றுக்கொன்று 4.75 மி.மீ. தூரம். டேங்கைக் கண்டபடி குலுக்கினால் டெவலப்பர் (படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) அந்தத் துளைகள் வழியே பீய்ச்சி அடித்து, நெகடிவில் அதே இடைவெளியில் பட்டை பட்டையாகக் கறுப்பேற்றிவிடும்; படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். காற்று அப்படி அளவெடுத்து ஓடாது.

குலுக்காமல் விட்டாலும் வம்புதான். லுட்விக் பிராண்டல் 1904-ல் சிறகுக்குச் சொன்ன எல்லைப் படலம் பிலிமுக்கும் உண்டு. பரப்பை ஒட்டிய டெவலப்பர் நகராமல் நின்று, சக்தி இழந்து, அதில் புரோமைடு சேரும். அந்தப் புரோமைடு மேற்கொண்டு வேலை நடக்க விடாமல் தடுத்து, கீழ்நோக்கி வழிந்து தடமும் போடும். நிற்கும் படலத்தைக் கலைக்க வேண்டும், பீய்ச்சவும் கூடாது. ஒரு டேங்க் நல்லதா என்பதை நான் பார்ப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

பேட்டர்சனில் கலக்க இரண்டு வழி. நடுத்தண்டைக் குச்சியால் சுழற்றலாம், அல்லது மூடியைப் போட்டு டேங்கையே தலைகீழாகக் கவிழ்க்கலாம். குச்சியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரீல் சுழலும்போது சிறிது நேரத்தில் திரவமும் கூடவே சுழலத் தொடங்கும். பிலிமுக்கும் திரவத்துக்கும் இடையில் வேக வித்தியாசம் இல்லையென்றால் கலக்கி என்ன பயன்? போதாததற்கு வெளிச்சுற்று வேகமாகவும் உள்சுற்று மெதுவாகவும் போகும். கவிழ்ப்பதுதான் சரி. இதில் மேலே இருக்கும் காற்று இடம் மாறி, திரவம் ரீலின் எல்லாச் சுற்றுகளுக்கும் இடையில் புகுந்து வருகிறது. பிலிம் நிறுவனமான இல்ஃபோர்டு சொல்வதுபோல முதல் 10 விநாடியில் நாலு தடவை, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நாலு தடவை. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைச் சற்றே திருப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் மேசையில் ஒரு தட்டு. காற்றுக் குமிழி பிலிமில் ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் வட்டப் புள்ளி விழும்.

இனி வெப்பம். புத்தகக் கணக்கெல்லாம் 20 டிகிரி செல்சியசுக்கு. நம் குழாய்த் தண்ணீரோ 28 டிகிரி வாக்கில் வருகிறது. இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 400 வேகத்தில் எடுத்து, நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் கழுவ வேண்டும். குழாய்ச் சூட்டில் அது மூன்று சொச்சம் நிமிடமாகச் சுருங்கிவிடும். ஊற்றுவதற்கும் வடிப்பதற்கும் ஆகும் விநாடிகளே அதில் பெரும் பங்காகி, சமமின்மை வந்துவிடும். நான் புகைப் படங்களுக்கு 1600 வரை ஏற்றுவேன். அதற்கு 20 டிகிரியில் 14 நிமிடம். ஏசி அறையில் 24 டிகிரிக்குக் கொண்டுவந்து ஒன்பதரை நிமிடம் வைக்கிறேன். ஐஸ் கட்டியைப் பையில் கட்டி, பாட்டில் நிற்கும் வாளியில் போடுங்கள். டெவலப்பருக்குள் போட்டு நீர்க்கச் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக் டேங்க் என்பதால் கைச்சூடு உள்ளே சீக்கிரம் ஏறாது. எஃகு டேங்கைவிட இதை நான் விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

இருட்டில் பிலிமைச் சுற்றுவதற்கு, புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் பாதுகாப்பு அறையை மிஞ்ச எதுவும் இல்லை. சன்னல் கிடையாது, கதவோ இரும்பு. காற்றுத் துளை மூடியையும் கதவிடுக்கையும் மட்டும் பாருங்கள். வெளிச்சம் புகாத துணிப்பைக்குள் கைவிட்டுச் சுற்றினால் நம் ஊரில் கை வியர்த்து, பை முழுக்க ஈரம் சேரும். எந்தப் பிளாஸ்டிக் ரீலானாலும் ஈரத்தில் பிலிம் நகராது. பிலிம் முனையின் இரு மூலைகளையும் வட்டமாக வெட்டிக்கொண்டால், ரீலின் சின்ன இரும்புக் குண்டுகள் அதைப் பிடித்து, முன்னும் பின்னும் திருகத் திருகத் தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். கடைசியில் ஊற்றும் நனைப்பு மருந்து ரீலில் படியாமல், பிலிமை வெளியே எடுத்துத் தனியாக அதில் முக்குங்கள். ரீலைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் அடுத்த முறை சிக்காது.

மூடியைப் போடும்போது நடுவை அழுத்தி, ஓரத்தைத் தூக்கிக் கொஞ்சம் காற்றை வெளியேற்றுங்கள், கசியாது. நடுத்தண்டு இல்லாமல் டேங்கை மூடிவிடாதீர்கள், வெளிச்சம் புகாமல் காப்பதே அதுதான்.

எந்த அளவு? இரண்டு ரீல் பிடிக்கும் டேங்கை வாங்குங்கள். 35 மி.மீ. ரோல் ஒன்றுக்கு 290 மில்லி, 120 ரோலுக்கு (அகலமான பிலிம்) 500 மில்லி மருந்து தேவை. 120 ரோலும் இதில் கழுவலாம். கூடவே ஒரு ரீல் உபரியாக வாங்கிவிடுங்கள். இந்த ஈரக்காற்றில் ரீல் காய நேரம் எடுக்கும், ஒரே நாளில் இரண்டு தடவை கழுவ வேண்டியிருந்தால் அது தேவைப்படும். வாங்குவதற்கு முன் சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கேமரா கடைகளில் விசாரியுங்கள்.