ஆசை காட்ட எது: கறிதோசையா, ஜிகர்தண்டாவா?

மதுரைப் பக்கத்துக் கிராமம். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியும்வரை எந்த வீட்டிலும் கறி வேகாது. அந்த நேரம் பார்த்து வெளியூர்க்காரி ஒருத்தி கடை போடுகிறாள். இப்படி ஒரு நாவல் எழுதினால், கடையில் எதை வைக்கலாம்?

ஜிகர்தண்டா பார்க்க அழகு. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஆனால் அதில் விரதம் முறியாதே! பூசாரியே ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போவார். கதை அங்கேயே படுத்துவிடும்.

என் ஓட்டு கறிதோசைக்குத்தான். தடித்த தோசைமேல் முட்டை ஊற்றி, மிளகு தூக்கலான கறியைப் பரப்பித் திருப்பிப் போட்டால் வாசம் தெருமுனைவரை போகும், சாத்திய கதவுக்குள்ளும் நுழையும். சாப்பிடாதவனும் முகர்ந்தவன்தான், அப்புறம் பஞ்சாயத்தில் யார் யாரைக் கேட்பது? சைவ வாசகர்கள் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். ஜிகர்தண்டாவைக் காப்பு அவிழ்த்த பிறகு வரும் அத்தியாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.