எல்இடி குழலா, முழு பேனலா: அலுவலகக் கட்டடத்துக்கு எது சரி?

நான் பராமரிப்பைக் கவனித்துக்கொள்ளும் அலுவலகக் கட்டடத்தில் நான்கு வருடங்களுக்கு முன் டியூப்லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடிக்கு மாறினோம். மாறலாமா வேண்டாமா என்பதில் பெரிய விவாதம் இல்லை. டியூப்லைட் மாட்டியிருந்த பழைய பட்டியிலேயே எல்இடி குழலை மாட்டுவதா, பட்டியையும் கழற்றிவிட்டுக் கூரையில் தட்டையாகப் பதியும் முழு பேனல் போடுவதா என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் கீழ்த்தளத்தில் குழல், மேலே இரண்டு தளங்களிலும் பேனல் என்று பிரித்துச் செய்தோம். இன்று யார் கேட்டாலும் பேனலைத்தான் சொல்வேன், அதிலும் டிரைவர், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற பாகம், தனியாகக் கழன்று வருகிற பேனலை.

மின்சாரக் கணக்கைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 36 வாட் டியூப்லைட்டும் அதன் பழைய செம்புச் சோக்கும் சேர்ந்து 45 வாட் வரை இழுக்கும். அந்த இடத்தில் 18 வாட் எல்இடி போதும். டியூப்லைட் நாலா பக்கமும் ஒளியைக் கொட்டுவதால் மேலே போவதில் ஒரு பங்கு பட்டியிலேயே வீணாகிறது. எல்இடி ஒளியை வேண்டிய பக்கம் மட்டும் அனுப்புகிறது. 400 குழல்கள், தினம் 12 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் 38,880 யூனிட் மிச்சம். விளக்கு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் சேர்கிறது, அதனால் ஏசியின் சுமையும் குறையும். ஏற்கெனவே 28 வாட் டி5 எனப்படும் மெல்லிய குழலும் எலக்ட்ரானிக் சோக்கும் இருக்கிற கட்டடத்தில் மிச்சம் இவ்வளவு வராது.

டியூப்லைட்டோடு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழல்களில் பாதரசம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்டிலேயே டி5 குழல்களையும், அவற்றைவிடச் சற்றுப் பருமனான டி8 குழல்களையும் சந்தைக்கு வரவிடாமல் நிறுத்திவிட்டது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகளும் அதே ஆண்டு கூடி, 2027-க்குள் இவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் நிறுத்த ஒப்புக்கொண்டன. மாற்றுக் குழல் கிடைப்பதே போகப் போகச் சிரமமாகும்.

சரி, குழலா பேனலா? குழலுக்குச் செலவு குறைவு, கூரையில் கை வைக்க வேண்டாம், ஒரே வார இறுதியில் ஒரு தளத்தை முடித்துவிடலாம். வாடகைக் கட்டடம், இரண்டு மூன்று வருடத்தில் காலி செய்யப்போகிறோம் என்றால் குழலே போதும், யோசிக்கவே வேண்டாம். ஆனால் சோக்கை விலக்கி நேரடியாக மின்சாரம் கொடுக்கிற வகையைப் போட்டால், வயரிங் மாறியிருக்கிறது என்று ஒவ்வொரு பட்டியிலும் ஸ்டிக்கர் ஒட்டியே ஆக வேண்டும். பின்னால் வருகிற எலெக்ட்ரீஷியன் தெரியாமல் பழைய டியூப்லைட்டை மாட்டினால் ஆபத்து. சோக்கை விட்டுவைக்கும் வகையில் அது இழுக்கும் மின்சாரமும் தொடரும், ஒருநாள் அது போகும்போது மறுபடி ஏணி போட வேண்டும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது டிரைவர். பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஒளி தருகிற எல்இடி சில்லின் கணக்கு. அதாவது, அவ்வளவு நேரத்துக்குப் பிறகு ஒளி முதலில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறையும். சில்லு நன்றாகவே இருக்கும், முதலில் போவது அதற்கு மின்சாரம் கொடுக்கிற டிரைவர். டிரைவருக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் என்ற பாகத்துக்குச் சூடு ஆகவே ஆகாது. 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எல்இடி குழலில் அந்த டிரைவர் குழலுக்குள்ளேயே, சில்லுகளின் சூட்டோடு சேர்ந்து வேகிறது. அது போனால் நல்ல சில்லுகளையும் சேர்த்துத் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாக மாட்டுகிற குழல் அதே வெள்ளையாக இருப்பதும் இல்லை. எங்கள் கீழ்த்தளத்தில் இப்போது ஒரே வரிசையில் ஒன்று நீலம் பாய்ந்தும் இன்னொன்று மஞ்சள் தட்டியும் நிற்கின்றன. மேல்தளங்களில் டிரைவர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தனிப் பெட்டியாக இருக்கிறது. போனால் சீலிங் பலகை ஒன்றை நகர்த்தி, கனெக்டரைப் பிடுங்கி, வேறு டிரைவரைச் செருகினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. சில்லு அதேதான் என்பதால் நிறமும் மாறாது.

எல்லா பேனலும் இப்படி வராது. டிரைவரையும் உள்ளேயே வைத்து ஒட்டிவிட்டவையும் உண்டு. அவற்றை வாங்கினால் குழலில் பட்ட அதே பாடுதான், கூடுதல் செலவில். வாங்கும் முன் டிரைவரின் மேல் எத்தனை மில்லி ஆம்பியர், எந்த வோல்டேஜ் வரம்பு என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் நாளைக்கு அந்த மாடல் நின்றுபோனாலும் பொருந்துகிற வேறொன்றைத் தேடலாம்.

பேனலிலும் தொல்லை இல்லாமல் இல்லை. டிரைவர்கள் சுவிட்சைப் போட்ட நொடியில் மட்டும் மிக அதிகமான மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே எம்சிபியில் (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) நிறைய மாட்டியதால் எங்களுக்கு முதல் வாரம் முழுக்க டிரிப் ஆனது. சர்க்யூட்டைப் பிரித்த பிறகுதான் அடங்கியது. மின் அழுத்தம் திடீரென எகிறினால் பழைய சோக் தாங்கும், டிரைவர் தாங்காது. அதனால் போர்டில் சர்ஜ் பாதுகாப்பும் வைத்தோம். கண்கூச்சம் மட்டும் பேனலில் குறைவு. கீழ்த்தளத்துத் திறந்த பட்டிகளைப் பற்றித்தான் கணினித் திரையில் பளிச்சிடுகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்புறம், ஆள் வந்தால் விளக்கைப் போட்டு, போனால் அணைக்கிற சென்சார். அடிக்கடி அணைத்துப் போட்டால் டியூப்லைட் சீக்கிரம் போகும், எல்இடிக்கு அந்தக் கவலை இல்லை. கழிப்பறை, மாடிப்படி, ஸ்டோர் ரூமில் சென்சார் வைக்கத் தயங்காதீர்கள்.

நான்கு வருடம் என்பது எங்கள் கணக்கில் 14,400 மணி நேரம், 50,000-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் இந்த பேனல்கள் பதினான்கு வருடம் உழைக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். உயரமான கிடங்குகளுக்கும் இந்த அனுபவத்தை அப்படியே பொருத்த வேண்டாம், அங்கே நான் வேலை பார்த்ததில்லை. கீழ்த்தளத்தை இந்த வருடம் பேனலுக்கு மாற்றுகிறோம். அதே ஆர்டரில் பத்து பேனலுக்கு ஒன்று என்று உபரி டிரைவரும் கேட்டிருக்கிறேன்.