குரூப் 4-க்குப் படிக்க எங்கே உட்காருவது: வீடா, நூலகமா, காசு கட்டும் ரீடிங் ரூமா?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்கு எதைப் படிப்பது என்பதில் யாருக்கும் பெரிய குழப்பம் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சமச்சீர் புத்தகங்கள், பழைய கேள்வித்தாள்கள், முடிந்தால் மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க ஒரு டெஸ்ட் பேட்ச். சிக்கல் உட்காருவதில்தான். புத்தகத்தை விரித்துப் பத்து நிமிடம் ஆவதற்குள் மனசு எங்கேயோ போய்விடுகிறது. "இடத்தை மாற்றிப் பார்" என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த இடத்துக்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வீடு, மாவட்ட மைய நூலகம், மாதக் கட்டண ரீடிங் ரூம் மூன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நூலகத்தில் நிலைத்தவள் நான். அதனால் இதில் நூலகத்தின் பக்கம் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டுக்கும் நூலகத்துக்கும் செலவில்லை, ரீடிங் ரூமுக்கு மாதக் கட்டணமும் பல இடங்களில் முன்பணமும் உண்டு. கொடுக்கிற காசுக்கு ஏசி, தனி கேபின், மேசை விளக்கு, பிளக் பாயின்ட், வைஃபை கிடைக்கும். வசதி என்று பார்த்தால் ரீடிங் ரூம்தான் முதலில் வரும். அமைதி? அதிலும் அதுதான். வீடு கடைசி.

ஆனால் வசதியும் அமைதியும் முதல் ஒரு மணி நேரத்துக்குத்தான் பேசும். நாள் முழுக்கப் படிக்கிறவர்களுக்கு வேறு ஒன்று முக்கியம்: எழுந்து போனால் எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்து உட்காருகிறோம்? தண்ணீர் குடிக்க, டீ குடிக்க, பாத்ரூம் போக எப்படியும் எழுந்துதான் ஆக வேண்டும். எழுவதில் தப்பில்லை. ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டியது முக்கால் மணி ஆகும்போதுதான் அன்றைய படிப்பு போகிறது. உடம்பு திரும்பினாலும் மனசு உடனே வந்துவிடாது. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் எழுதியிருக்கிறார். பாதிப் பாடத்தில் எழுந்து போய் இரண்டு ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து, விட்ட வரியைத் தேடுகிற எவருக்கும் இது புரியும்.

இந்த ஒரு அளவுகோலை வைத்து மூன்றையும் பார்ப்போம்.

வீட்டில் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனால் போதும். "அப்படியே குக்கர் மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடும்மா" என்று ஒரு குரல் வரும். விசிலை எண்ணிக்கொண்டு நிற்கும்போது காலிங் பெல் அடிக்கும். கூரியர், அடுத்து பக்கத்து வீட்டு அத்தை. அத்தை "என்ன, இன்னும் பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்பார், அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். இதில் யார்மேலும் குற்றமில்லை. வீட்டில் இருக்கிற பெண் சும்மா இருக்கிறாள் என்றே வீடு நினைக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வீட்டிலேயே படிப்பதென்றால் பொமடோரோ முறையைப் பலரும் சொல்வார்கள். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிட ஓய்வு. இத்தாலிக்காரரான பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துத் தொடங்கியது. திறனறிவுக் கணக்குப் போட இது நன்றாகவே உதவுகிறது. 25 நிமிடத்தில் தனிவட்டியில் ஒரு கட்டுக் கணக்கு முடிந்துவிடும். பத்தாம் வகுப்பு வரலாற்றில் ஒரு பாடத்தைப் படித்து நோட்ஸ் எடுக்க அது போதாது. அதைவிட, வீட்டில் அந்த 5 நிமிடம் 5 நிமிடமாக நிற்பதில்லை. மணி அடித்து எழுப்பிவிட டைமர் இருக்கிறது, திரும்ப உட்கார வைக்க யாரும் இல்லை.

ரீடிங் ரூமில் இதற்கு நேர்மாறாக இருக்கும் என்று நினைத்துத்தான் பணம் கட்டினேன். உள்ளே இருக்கும்வரை உண்மையிலேயே அருமையான இடம். கேபினுக்கு மூன்று பக்கமும் தடுப்பு, தலை நிமிர்ந்தால் சுவரில் நாமே ஒட்டிய சிலபஸ். ஆனால் இருக்கை எண் மாதம் முழுக்க நம்முடையது. நாம் வந்தாலும் வராவிட்டாலும் அது நமக்காகக் காத்திருக்கும், ஒருவரும் கேட்க மாட்டார்கள். வாசல் படிக்கட்டில் ஒரு கூட்டம் எப்போதும் நிற்கும். அங்கே போன வருஷக் கட்-ஆஃப், இந்த வருஷம் எத்தனை காலியிடம், எந்த அகாடமியின் டெஸ்ட் கஷ்டம் என்று பேச்சு ஓடும். பேசுவதெல்லாம் பரீட்சையைப் பற்றியே என்பதால் படித்துக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும். அதுதான் ஆபத்து. கேபினுக்குள்ளேயும் பிளக் பாயின்ட்டும் வைஃபையும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், எழுந்திருக்காமலேயே எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம்.

இனி நூலகம். எங்கள் ஊர் மாவட்ட மைய நூலகத்தில் சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. நீண்ட மேசை, எதிரும் புதிருமாக நாற்காலிகள். மின்விசிறிக்குக் கீழே இடம் வேண்டுமென்றால் திறக்கும் நேரத்துக்கே போய்விட வேண்டும். பக்கத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லித் தெரியாது, ஆனால் தினமும் பார்க்கிற முகம். டீ குடிக்கப் போகும்போது, "தம்பி, பையைக் கொஞ்சம் பார்த்துக்கப்பா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தம்பியும் டீ குடிக்கப் போக வேண்டும். நான் வந்தால்தான் அவர் எழ முடியும். பத்து நிமிடம் தாண்டினால் எனக்கே கூச்சமாகிவிடும். மேசையில் நோட்டைத் திறந்துபோட்டுவிட்டு வெகுநேரம் காணாமல் போனால், இடம் தேடி நிற்கிறவர்கள் நூலகரிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. இந்தக் கூச்சமும் பயமும் எனக்குச் செய்த உதவியை எந்தச் செயலியும் செய்யவில்லை.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் ஒரு காரணம். எனக்கு எதிரே ஒரு அக்கா, வங்கித் தேர்வுக்கு. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குனிந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வார். அவர் நிமிராதபோது நான் போனை எடுப்பது எனக்கே பிடிக்காது. கேபினின் தடுப்பு, கலைக்கிற பார்வைகளை மறைப்பதோடு இப்படி நம்மைக் கட்டிப்போடுகிற பார்வையையும் மறைத்துவிடுகிறது.

போன் விஷயத்தில் ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் வார்டு குழுவினர் 2017-ல் வெளியிட்டது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தவர்கள், பையிலோ பாக்கெட்டிலோ வைத்தவர்கள், வேறு அறையில் விட்டவர்கள் என மூன்று வகையினருக்கும் கவனத்தைச் சோதிக்கும் வேலைகளைக் கொடுத்தார்கள். மேசைமேல் வைத்தவர்களைவிட, வேறு அறையில் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். போன் ஒலிக்கவே இல்லை, பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான். பின்னால் மற்றவர்கள் இதைத் திரும்பச் செய்தபோது எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, ஆகவே வேதவாக்காக எடுக்க வேண்டாம். என் வழக்கம், போனை சைலன்டில் போட்டு சாப்பாட்டுப் பைக்கு அடியில் வைத்துவிடுவது. டிபன் பாக்ஸை வெளியே எடுத்தால்தான் போன் கைக்கு வரும்.

நூலகத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. குரூப் 4 தேர்வு 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம், காலை 9.30-லிருந்து 12.30 வரை. 100 கேள்விகள் தமிழிலிருந்து, அதில் 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். மீதியில் 75 பொது அறிவு, 25 திறனறிவு. அதே 9.30-க்கு நூலக மேசையில் பழைய கேள்வித்தாளை விரித்து, ஓஎம்ஆர் தாள் நகலில் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்பி, 12.30 வரை எழாமல் உட்காரலாம். சுற்றிலும் தெரியாத முகங்கள், நாற்காலி நகரும் சத்தம், யாரோ இருமுவது என்று தேர்வறையும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேபினின் அமைதியில் மட்டுமே பழகினால் தேர்வறையில் பக்கத்து மேசைக்காரர் காலாட்டுவதே பெரிய விஷயமாகிவிடும்.

நூலகத்துக்குச் செலவில்லை என்றாலும் அது சும்மா கிடைப்பதும் இல்லை. 1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டு வந்தது. அந்தச் சட்டத்தின்படிதான் நம் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ஏற்கெனவே கட்டிய காசுக்கு நாற்காலியில் உட்காருகிறோம். பெண்களுக்கு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் எனக்குப் போக வரவும் செலவில்லை.

நூலகம் தோற்கிற இடங்களும் உண்டு. வாய்விட்டுப் படிக்க முடியாது. செய்யுளும் நூல்-ஆசிரியர் பெயரும் சத்தம்போட்டுச் சொன்னால்தான் எனக்கு நிற்கும், அதற்கு வீட்டு மொட்டை மாடிதான். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய கட்டடங்களை மனதில் வைத்துக்கொண்டு சின்ன ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மதியம் சில மணி நேரம் மூடியும் இருக்கும். அப்புறம் கழிப்பறை. அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

இரவுப் படிப்பைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, நான் இரவில் ரீடிங் ரூமில் உட்கார்ந்ததில்லை. பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவு எட்டுக்கு மேல் படிக்கிறவர்களுக்கு நூலகத்தால் பயனில்லை, அவர்களுக்கு ரீடிங் ரூம்தான் வழி. அப்படிச் சேருவதானால் ஏசி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கேபின் தடுப்பு எவ்வளவு உயரம், போனை வாங்கிப் பூட்டி வைக்க வாசலில் லாக்கர் உண்டா என்று கேளுங்கள். மாலை ஐந்து மணிக்குப் போய்ப் படிக்கட்டில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.